வெளியீடு என்னும் அதிகாரம்: செஸ் எஞ்சின்களின் ரேட்டிங் பட்டியலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

செஸ் எஞ்சின்களின் ரேட்டிங் பட்டியலில் வளர்நிலைப் பதிப்புகளைச் சேர்க்கலாமா, கூடாதா? பார்வைக்கு இது நாலு கணினிப் பைத்தியங்களின் உள்விவகாரம் மாதிரித்தான் தெரியும். இலக்கியமும் அரசியலும் பேசுகிற பத்திரிகையில் இதற்கு என்னய்யா வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். க.நா.சு. போட்ட பட்டியல்களில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் விடுபட்டது என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய மரபு நம்முடையது. ஒரு பட்டியலின் அரசியல் அது யாருக்கு எத்தனையாவது இடம் தருகிறது என்பதில் மட்டும் இல்லை. எதையெல்லாம் எண்ணத்தக்க பொருளாக அது ஒப்புக்கொள்கிறது என்பதிலும் இருக்கிறது. இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தோடு இந்த விவகாரத்துக்குள் நுழையலாம் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். எஞ்சின் என்பது செஸ் ஆடும் நிரல். மனிதர்களுக்கு ரேட்டிங் இருப்பதுபோல எஞ்சின்களுக்கும் உண்டு. தன்னார்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளில் எஞ்சின்களை ஒன்றோடொன்று ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிட்டு, முடிவுகளைக் கணக்கிட்டுப் பட்டியல் போடுகிறார்கள். ஓர் எஞ்சினை அவ்வப்போது எண் போட்டு வெளியிடுவார்கள்: ஸ்டாக்ஃபிஷ் 8, ஸ்டாக்ஃபிஷ் 9 என்று. இரண்டு எண்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான திருத்தங்கள் நடந்திருக்கும். அந்த இடைக்கால வடிவங்களைத்தான் வளர்நிலைப் பதிப்புகள் என்கிறேன். எண் போட்டு வெளிவந்ததை மட்டுமே பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. இன்றைய நிஜமான பலத்தைக் காட்டாத பட்டியல் எதற்கு என்பது எதிர்க்கட்சி.

தமிழில் 'வெர்ஷன்' என்பதையும் 'எடிஷன்' என்பதையும் பதிப்பு என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது சும்மா கடந்துபோகிற விஷயமாக இல்லை. பதிப்பு என்ற சொல்லுக்குள் அச்சு இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அச்சுக்கு முன்னால் ஏடு இருந்தது. ஒவ்வொரு ஏடும் ஒரு பாடம். இதுதான் இறுதி என்று சொல்லும் அதிகாரம் எந்த ஒரு ஏட்டுக்கும் கிடையாது. சீவகசிந்தாமணியை உ.வே.சா. 1887இல் பதிப்பித்தார். பிறகு 1907இல் இரண்டாம் பதிப்பு, 1922இல் மூன்றாம் பதிப்பு. புதிய ஏடுகள் கிடைக்கக் கிடைக்கத் திருத்தங்கள், பாடபேதங்கள். எண் போட்ட மூன்று பதிப்புகளுக்கு நடுவே முப்பத்தைந்து வருஷ உழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. பெசன்ட் நகரில் அவர் பெயரால் உள்ள நூலகத்துக்குப் போகிறவர்கள் ஏட்டுச்சுவடிகளையும் பார்க்கலாம், அச்சான புத்தகங்களையும் பார்க்கலாம். பட்டியலில் ஏறுவது என்னவோ பதிப்பு எண்தான். இந்த ஒற்றுமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம். 'வெளியானது' என்பது ஒரு பொருளின் இயல்பு அல்ல, யாரோ ஒருவர் எடுக்கும் முடிவு என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்வோம்.

2

மனிதர்களின் பட்டியலிலிருந்து தொடங்குவது நல்லது. எஞ்சின்களின் பட்டியல் தன் கணக்கை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ வகுத்த முறையை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. முதல் அதிகாரபூர்வப் பட்டியல் 1971இல் வந்தது. முறை எளிமையானது. இருவருக்கும் இடையே 200 புள்ளி வித்தியாசம் என்றால் பலமானவர் நூறு ஆட்டத்தில் 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்ப்பு. 400 என்றால் 91. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். கணக்கில் மர்மம் எதுவும் இல்லை. கேள்வியெல்லாம் வாசலில்தான்.

ஆண்களுக்கான வாசல் நீண்ட காலம் 2200இல் இருந்தது. அதற்குக் கீழே ஆடுகிறவருக்கு ஃபிடே பட்டியலில் எண்ணே கிடையாது. 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியது. சிறுவன் ஆனந்த் அங்கே ஆடித்தான் வளர்ந்தார். அந்தக் கிளப்பில் மணிக்கணக்கில் ஆடியவர்களில் பெரும்பாலோர் சர்வதேசப் பட்டியலைப் பொறுத்தவரை இல்லாதவர்கள். வாசல் 1993இல் 2000 ஆனது. படிப்படியாக இறங்கி 2012இல் 1000க்கு வந்தது. தமிழ்நாட்டின் சின்ன ஊர்களிலும் புறநகர்களிலும் 'ரேட்டட் டோர்னமென்ட்' என்ற சொல் வீட்டுச்சொல் ஆனது இந்த இறக்கத்துக்குப் பிறகுதான். தாம்பரம், பல்லாவரம் பக்கம் ஏதாவது ஒரு பள்ளி ஹாலில் போட்டி நடக்கும்போது சுவரில் ஒட்டியிருக்கும் தொடக்க வரிசையைப் பாருங்கள். ரேட்டிங் உள்ளவர்கள் எண் வரிசையில் மேலே. 'அன்ரேட்டட்' பிள்ளைகள் கீழே, வெறும் அகர வரிசையில். அவர்களுக்குள் யார் பலம், யார் பலவீனம் என்று சொல்ல அந்தத் தாளிடம் மொழி இல்லை.

பட்டியலைத் தயாரிப்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதற்கு 1987 ஜனவரிப் பட்டியல் அப்பட்டமான உதாரணம். பெண்களின் ரேட்டிங் தங்களுக்குள்ளேயே ஆடி ஆடிக் குறைந்துபோய்விட்டது என்று காரணம் சொல்லி எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி கூட்டப்பட்டது. ஒருவருக்கு மட்டும் இல்லை: ஆண்களோடு ஆடிவந்த சூசன் போல்கர். பெண்களில் முதலிடம் அவரிடமிருந்து போனது. ஒரு ஆட்டமும் ஆடாமலேயே.

மனிதப் பட்டியலின் இன்னொரு பண்பு நம் வாதத்துக்கு முக்கியம். அது வளர்ச்சியை ஒப்புக்கொள்கிறது. ஒரு ஆட்டத்தின் முடிவு எண்ணை எவ்வளவு அசைக்கலாம் என்பதற்கு ஒரு பெருக்கி உண்டு, அதற்கு 'கே' என்று பெயர். புதிதாக வருகிறவருக்கு முதல் 30 ஆட்டங்கள் வரை 40, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 2300ஐத் தொடும்வரை 40, மற்றவர்களுக்கு 20, 2400ஐத் தொட்டுவிட்டவர்களுக்கு 10. அதாவது பிள்ளைகள் 'இன்னும் முடிவடையாதவர்கள்' என்பது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முடிவடையட்டும், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று பட்டியல் சொல்வதில்லை. 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆனந்தும் பிறகு ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆனந்தும் ஒரே வரியில் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி வரி, தனி எண். மனிதன் மாறினாலும் அவனே. எஞ்சின் மாறினால் வேறு. ஆசிரியன் என்பவன் யார் என்று 1969இல் ஃபூக்கோ கேட்டபோது, பிரதிகளை ஒரு பெயருக்குக் கீழே திரட்டுகிற செயல்பாடு என்று விளக்கினார். ரேட்டிங் பட்டியலில் பெயர் செய்யும் வேலையும் அதுவே. எத்தனை திருத்தங்களை ஒரே பெயருக்குள் அடைக்கலாம், எங்கே புதுப் பெயர் தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? எஞ்சின் உலகத்தில் இதற்கு விடை: வெளியிடுகிறவர்.

3

இந்த விடை முதலில் ஒரு நல்ல காரணத்துக்காகத்தான் வந்தது என்பதை மறக்கக் கூடாது. எண்பதுகளில் செஸ் கணினி என்பது ஒரு பெட்டி. மேலே பலகை, உள்ளே ஒரு சில்லு. ஜெர்மனியின் மெஃபிஸ்டோ, அமெரிக்காவின் ஃபிடெலிட்டி, ஹாங்காங்கின் நோவாக் போன்ற கம்பெனிகள் போட்டி போட்டு விற்றன. பெட்டி இத்தனை பலம் என்று விளம்பரத்தில் ஒரு எண் போடுவார்கள், அதைச் சரிபார்க்க ஆள் கிடையாது. சாம்பியன்ஷிப் போட்டிகளுக்குக் கொண்டுவருகிற பெட்டி, கடையில் விற்கிற பெட்டியைவிட வேகமாக இருப்பதும் உண்டு.

1984 முதல் ஸ்வீடனின் செஸ் கணினிக் கழகம் தன் பட்டியலை வெளியிடத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். உறுப்பினர்கள் கையில் இருக்கும் பெட்டிகளை எதிரெதிரே வைத்து, நகர்த்தல்களைக் கையாலேயே மாற்றி மாற்றி உள்ளிட்டு, முழு நீளப் போட்டி நேரத்தில் ஆடவைத்தார்கள். கடையில் காசு கொடுத்து எவரும் வாங்கக்கூடிய பொருளைத்தான் எண்ணுவோம் என்பது அவர்கள் அணுகுமுறையின் அடிப்படை. அது நுகர்வோர் தரப்பிலிருந்து எழுந்த விதி. கம்பெனிக்காரன் தன் ஆய்வுக்கூடத்தில் என்ன வைத்திருக்கிறான் என்பது எங்களுக்கு வேண்டாம். எங்களிடம் என்ன விற்கிறாய் என்பதைச் சொல் என்று கேட்ட விதி. அந்தக் காலத்தில் வளர்நிலைப் பதிப்பு என்றாலே கம்பெனிக்குள் பூட்டிக் கிடப்பது என்றுதான் அர்த்தம். அதைச் சேர்க்க மறுத்தது சரியான அரசியல்.

பெட்டி போய் சிடி வந்தது. நான் பள்ளியில் படித்த 2000களில் செஸ் ஆடுகிற பையன்களிடையே ஃபிரிட்ஸின் நகல் சிடி கைமாறிக்கொண்டிருந்தது. எத்தனையாவது ஃபிரிட்ஸ் என்பது ஒரு அந்தஸ்து. சிடியும் சரக்குதான், அதற்கும் எண் உண்டு. 2000களின் நடுவில் இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் சி.சி.ஆர்.எல். போன்ற பெரிய பட்டியல்களைத் தொடங்கினபோது இந்த எண்ணே அலகாக நிலைத்துவிட்டது.

4

வெளியாகாத பதிப்பு எப்படிப்பட்ட ஆயுதம் என்று தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு சம்பவம் வழியாகவே சொல்லலாம். 2010 ஏப்ரல், மே மாதங்களில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் ஆனந்துக்கும் டோபலோவுக்கும் உலகப் பட்ட மோதல். ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் சாலை வழியாகவே சோஃபியா போய்ச் சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத கதை எஞ்சின் பற்றியது. அன்றைக்குப் பட்டியல்களில் ரிப்கா 3 தான் ராஜா, 2008இல் வெளியானது. டோபலோவ் தரப்பிடம் ரிப்கா 4 இருந்தது. அது விற்பனைக்கு வந்தது மோதல் முடிந்த பிறகு, மே மாதக் கடைசியில். மோதல் நடந்த நாட்களில் எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் ரிப்கா 4 என்ற வரி கிடையாது. பட்டியலை நம்புகிறவருக்கு உலகத்தின் மிகப் பலமான எஞ்சின் இரு தரப்புக்கும் சமமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. நிஜத்தில் அதைவிடப் புதியது ஒரு தரப்பின் கையில் மட்டும் இருந்தது. ஆனந்த் கடைசி ஆட்டத்தில் கறுப்பில் ஜெயித்து 6.5-5.5 என்று பட்டத்தைத் தக்கவைத்தார். காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் ஆகியோர் தனக்கு உதவியதைப் பிறகு அவரே சொன்னார். இயந்திரத்தில் இருந்த ஏற்றத்தாழ்வை மனிதர்களைக் கொண்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது என்று இதை நான் வாசிக்கிறேன்.

இதிலிருந்து 'பார்த்தீர்களா, வளர்நிலைப் பதிப்பு ஆபத்தானது, விலக்கி வைப்பதே சரி' என்று முடிவுகட்டிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிப்கா 4 மறைந்திருந்ததற்குக் காரணம் அது முடிவடையாதது என்பதல்ல. அது தனியார் கையில் இருந்தது. முடிவடையாததும் மறைக்கப்பட்டதும் அன்றைக்கு ஒன்றாகவே இருந்ததால் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டார்கள். ரிப்காவின் பின்கதையும் இதையே சொல்கிறது. 2011இல் சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம், ரிப்கா பிற நிரல்களின் குறிகளைக் கையாண்டிருக்கிறது என்று முடிவுசெய்து அதன் உலகக் கணினிப் பட்டங்களைப் பறித்தது. அதில் முக்கியமாக ஒப்பிடப்பட்டவை கிராஃப்டி, ஃபுரூட் என்ற நிரல்கள். அந்த இரண்டின் மூலக்குறியும் யாரும் படிக்கக்கூடியதாகத் திறந்து கிடந்ததால்தான் ஒப்பீடே சாத்தியமாயிற்று. ரிப்காவோ எண் போட்டு, விலை போட்டு, முறையாக 'வெளியானது'. வெளியானது என்பதற்காக அது வெளிப்படையானதாக ஆகிவிடவில்லை.

5

நிலைமையைத் தலைகீழாக்கியது ஸ்டாக்ஃபிஷ். 2008இல் கிளௌருங் என்ற திறந்த நிரலிலிருந்து கிளைத்தது. 2013இல் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாடு வந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு திருத்தத்தை முன்வைக்கலாம். உலகம் முழுவதும் தன்னார்வலர்களின் கணினிகள் அதைப் பழைய வடிவத்தோடு ஆயிரக்கணக்கான, சில நேரம் பல லட்சம் ஆட்டங்கள் ஆடிப் பார்க்கும். புள்ளியியல் சோதனையில் தேறினால் சேர்த்துக்கொள்ளப்படும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தேதி, எண், எழுதியவர் பெயர், சோதனை முடிவு எல்லாம் பொதுவில் இருக்கும். இங்கே வளர்நிலைப் பதிப்புதான் பொதுச்சொத்து. 'வெளியீடு' என்பது அந்த ஓட்டத்தில் ஒரு நாளைத் தேர்ந்து எண் குத்துவது, அவ்வளவே.

இது நடந்த பிறகும் எண் போட்ட பதிப்பையே அலகாகப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 2017 டிசம்பரில் ஆனது. கூகுளின் டீப்மைண்ட், தன் ஆல்ஃபாஸீரோ 100 ஆட்டங்களில் ஸ்டாக்ஃபிஷ் 8ஐ 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்று வென்றதாக அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. ஸ்டாக்ஃபிஷ் 8 வெளியானது 2016 நவம்பரில். அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் மேலான பொது உழைப்பு அந்த மோதலில் எண்ணப்படவே இல்லை. எதிரே நின்ற ஆல்ஃபாஸீரோவோ இன்றுவரை யாருக்கும் தரப்படவில்லை, எந்தத் தன்னார்வலரும் அதைத் தன் வீட்டில் சோதித்ததில்லை. தனியாரின் வெளியாகாத பதிப்பு வரலாற்றுக்குள் நுழைந்தது. பொதுமக்களின் வெளிப்படையான பதிப்பு 'இன்னும் வெளியாகவில்லை' என்பதால் வாசலில் நின்றது. விமர்சனம் எழுந்தது. 2018 டிசம்பரில் வந்த விரிவான ஆய்வுக்கட்டுரையில் ஸ்டாக்ஃபிஷ் 8 உடன் 1000 ஆட்டங்கள் (155 வெற்றி, 6 தோல்வி, மிச்சம் டிரா) ஆடியதோடு, 2018 ஜனவரி 13ஆம் தேதியிட்ட வளர்நிலைப் பதிப்போடும் ஆடிப் பார்த்திருந்தார்கள். அப்போதும் ஆல்ஃபாஸீரோவே ஜெயித்தது. அது வேறு விஷயம். வளர்நிலைப் பதிப்பைக் கணக்கில் எடுக்காமல் பலத்தைப் பற்றிப் பேச முடியாது என்று கம்பெனியே ஏற்றுக்கொண்டதாகத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

டீப்மைண்டின் வழிமுறையைப் படித்துத் தன்னார்வலர்கள் 2018இல் தொடங்கிய லீலா இந்தக் குழப்பத்தை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. அதில் ஆடும் நிரல் ஒன்று, அதற்குள் போடும் நரம்பு வலைக் கோப்பு வேறொன்று. வலை நாளுக்கு நாள் பயின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி எண் உண்டு. எதை லீலா என்று எழுதுவது? பட்டியல்காரர்கள் வேறு வழியில்லாமல் வலையின் எண்ணையும் சேர்த்து எழுதினார்கள். டி.சி.இ.சி. என்ற எஞ்சின் போட்டித்தொடர் ஆரம்பத்திலிருந்தே இந்த விஷயத்தில் தாராளம். 2013 கடைசியில் அதை ஜெயித்தது 'கொமோடோ 1142'. அது வெறும் கட்டுமான எண். ஜெயித்த பிறகு அந்தப் போட்டியின் பெயரையே ஒட்டி விற்பனைக்கு வந்தது. முதலில் பலம், அப்புறம் பெயர், கடைசியில் விலை.

பெயரும் விலையும் முதலில் வருவதும் உண்டு. 2021 பிப்ரவரியில் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்று ஒன்றை விற்றது. அது ஸ்டாக்ஃபிஷ்தான், வலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று ஸ்டாக்ஃபிஷ் அணியினர் சொன்னார்கள். திறந்த மூல உரிமத்தை மீறியதாக அந்த ஆண்டே ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தார்கள். 2022 நவம்பரில் சமரசமானது. இதில் பட்டியலின் பங்கைக் கவனிக்க வேண்டும். 'வெளியீடு' மட்டுமே அலகு என்ற விதியின்படி, விலை ஒட்டிய ஃபேட் ஃபிரிட்ஸ் 2க்கு ஒரு வரி உண்டு. அதற்கு அடித்தளமாக இருந்த, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, அன்றைய தேதி ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு வரி கிடையாது. கம்பெனியிடமிருந்து மக்களைக் காப்பாற்றப் பிறந்த விதி, மக்களின் உழைப்பிலிருந்து கம்பெனியைப் பிரித்துக் காட்டும் விதியாக மாறிவிட்டது. விதி மாறவில்லை. உற்பத்தி உறவு மாறிவிட்டது.

6

எதிர்வாதங்களை உதறிவிட்டுப் போக முடியாது. பட்டியல்காரர்கள் யாரிடமும் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. அவர்கள் வாதங்களில் இரண்டு நிஜமானவை.

ஒன்று, அளவுகோலின் துல்லியம். 1000 ஆட்டங்கள் ஆடவைத்தால் கிடைக்கும் எண்ணில் இரு பக்கமும் சுமார் 15 புள்ளி பிழை இருக்கும். ஸ்டாக்ஃபிஷ்ஷில் சேரும் ஒரு திருத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு புள்ளிதான் தரும். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய இதைவிடப் பல மடங்கு ஆட்டங்கள் வேண்டும். வீட்டுக் கணினியில் இதற்கு நேரமும் கரண்ட் பில்லும் யார் கொடுப்பது? ஒவ்வொரு நாள் பதிப்பையும் சோதிப்பது என்பது அளக்க முடியாததை அளக்கிற பாசாங்கு.

இரண்டு, அதிர்ஷ்டச் சீட்டு. ஒரே எஞ்சினை இருபது பெயரில் பட்டியலில் போட்டுப் பாருங்கள். இருபதும் ஒரே பலம்தான், ஆனால் பிழையின் காரணமாக ஏதாவது ஒன்று உண்மையைவிடப் பத்துப் பதினைந்து புள்ளி மேலே வந்து நிற்கும். அந்த மேல் வரியைக் காட்டி 'நாங்கள்தான் முதலிடம்' என்று சொல்லிக்கொள்ளலாம். தினம் ஒரு பதிப்பு போடுகிறவருக்கு இருபது சீட்டு. வருஷத்துக்கு ஒரு பதிப்பு போடும் தனி நிரலாளருக்கு ஒரே சீட்டு. இது அநியாயம்தான். ஸ்டாக்ஃபிஷ் மாதிரிப் பெரிய கூட்டு உழைப்புக்கு முன்னால் வேலை நேரம் போக இரவில் உட்கார்ந்து எழுதும் தனி ஆட்களும் இருக்கிறார்கள். விளிம்பின் பெயரால் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்களைப் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிடக் கூடாது.

ஆனால் இந்த இரண்டு வாதமும் எதை நிரூபிக்கின்றன? எத்தனை பதிப்பு, யார் தேர்ந்தெடுப்பது என்பதில் கட்டுப்பாடு வேண்டும் என்பதை. வெளியீடு மட்டுமே தகுதி என்பதை அல்ல. இதே பிழைகள் வெளியீட்டுப் பதிப்புகளுக்கும் பொருந்தும். மாதம் ஒரு எண் போட்டு வெளியிடத் தடை ஏதும் இல்லையே.

தெற்குப் புறநகரில் மனை வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். அப்ரூவல் இல்லாத மனைப்பிரிவுகளில் குடும்பங்கள் வீடு கட்டி, ரேஷன் கார்டு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தன. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் உருவானவை, கட்டணம் கட்டினால் பட்டியலுக்குள். ஏரியையும் நீர்வழியையும் காக்க விதி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை; ஒவ்வொரு மழைக்கும் முடிச்சூரில் தண்ணீர் நிற்கிறதைப் பார்க்கிறவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் விதி கேட்க வேண்டிய கேள்வி 'நீ நீர்வழியில் இருக்கிறாயா?' என்பது. அது கேட்டுக்கொண்டிருந்த கேள்வி 'உன்னிடம் முத்திரை இருக்கிறதா?' என்பது. இரண்டும் ஒன்றல்ல. எஞ்சின் பட்டியலும் 'உன்னை யாரும் எடுத்துச் சோதிக்க முடியுமா?' என்று கேட்பதற்குப் பதிலாக 'உனக்கு எண் போட்டாயிற்றா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

7

ஆகவே என் நிலைப்பாடு: வளர்நிலைப் பதிப்புகளைச் சேர்க்க வேண்டும். கோட்டை முடிந்தது, முடியாதது என்ற இடத்தில் போடக் கூடாது. பொது, தனியார் என்ற இடத்தில் போட வேண்டும். யாரும் இறக்கிக்கொள்ள முடிகிற, தேதியும் அடையாள எண்ணும் உள்ள, பிறகும் அழிக்கப்படாமல் கிடைக்கிற பதிப்பு உள்ளே. ஆசிரியரும் நாலு நண்பர்களும் மட்டும் வைத்திருக்கும் பதிப்பு எவ்வளவு பலமானாலும் வெளியே. அதிர்ஷ்டச் சீட்டைத் தடுக்க, எந்தப் பதிப்பைச் சோதிப்பது என்பதை நிரலாளரும் தீர்மானிக்கக் கூடாது, முடிவைப் பார்த்துப் பட்டியல்காரரும் தீர்மானிக்கக் கூடாது. காலாண்டுக்கு ஒரு நாளை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். அன்றைக்கு எது பொதுவில் இருக்கிறதோ அதுவே, எல்லா எஞ்சினுக்கும் ஒரே விதி. அந்த வரியில் எண்ணுக்குப் பதில் தேதி இருக்கட்டும். பழைய வரிகளை அழிக்காமல் வைக்கட்டும். வளர்ச்சி எப்படி நடந்தது என்று பின்னால் எழுதப்போகிற வரலாற்றாசிரியனுக்கு அந்த வரிகள்தான் ஏடு.

இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்டால், பட்டியல் யாருக்காக என்ற கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். எண்பதுகளில் அது பெட்டி வாங்கப்போகிறவருக்காக இருந்தது. இன்றைக்குச் சிட்லப்பாக்கத்தில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் எஞ்சின் வாங்குவதில்லை, இறக்கிக்கொள்கிறார். அவருக்குத் தெரியவேண்டியது எது விற்பனையில் முதலிடம் என்பதல்ல; காசில்லாமல் தன் கைக்கு எட்டுவது, காசுள்ளவர் கையில் இருப்பதற்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது. பொதுவில் இருக்கும் வளர்நிலைப் பதிப்பைப் பட்டியல் மறைத்தால் அந்தத் தூரம் நிஜத்தைவிட அதிகமாகத் தெரியும். ஆயிரம் பேர் கூலியில்லாமல் செய்த வேலை இரண்டாந்தரமாகத் தெரியும். சந்தைக்கு வேண்டியதும் அந்தத் தோற்றம்தான்.

மனிதர்களின் பட்டியலிலும் இதே இடைவெளி உண்டு. 2022இல் தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற மாமல்லபுரம் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ரேட்டிங்படி இந்திய 'ஏ' அணி இரண்டாமிடம், இளைஞர்கள் நிறைந்த 'பி' அணி பதினொன்றாமிடம். முடிந்தபோது 'பி' அணிக்கு வெண்கலம், 'ஏ' அணி நான்காவது. தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தானின் ரேட்டிங் வரிசை பதினான்கு. 'பி' அணியின் முதல் பலகையில் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்த குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆனார். கொரோனாக் காலத்தில் போட்டிகள் இல்லாமல் எண்கள் உறைந்துகிடந்தன. பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருந்தார்கள். பட்டியல் காட்டியது அவர்களின் பழைய பதிப்பை.

இந்தப் பின்தங்கலைச் சரிசெய்யத்தான் ஃபிடே 2024 மார்ச் 1இல் வாசலை 1000த்திலிருந்து 1400க்கு உயர்த்தியது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000த்திலிருந்து அவர்கள் நின்ற தூரத்தில் நூற்றுக்கு 40 பங்கு கூட்டித்தரப்பட்டது. பிப்ரவரி 29 இரவு 1250ஆகப் படுத்த பையன் காலையில் 1550ஆக எழுந்தான். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு இது நியாயம்தான். வெளியே இருப்பவர்கள்? புதிதாக ஆட வரும் பிள்ளை இனி 1400 தரத்தில் ஆடிக்காட்டினால்தான் எண். அதுவரை அகர வரிசை. எஞ்சின்களின் முடிவடையாத வடிவங்களுக்கு ஒரு வரி கேட்டு இவ்வளவு வாதாடுகிற நாம், தொடக்க வரிசையின் அடியில் இருக்கும் அந்தப் பெயர்களுக்கும் ஒரு கணக்கு கேட்க வேண்டும். மாவட்ட அளவிலாவது, 1400க்குக் கீழேயும் எண்ணுகிற, பொதுவில் வைக்கப்படுகிற ஒரு பட்டியல். போடுவதற்குத் தேவை ஒரு மடிக்கணினியும், ஈலோவின் கூட்டல் கழித்தலும், போட்டி நடத்துகிறவர்கள் முடிவுத்தாளைப் பகிர்ந்துகொள்ளும் மனசும்தான். தாம்பரத்திலிருந்தே தொடங்கலாம்.